நல்லா இழுக்கும்

‘இழுக்கும்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி யாரும் கார் வாங்கக் கூடாது. நான் வாங்கினேன்.

“வண்டி எப்படிண்ணா?” என்று கேட்டபோது புரோக்கர் பானெட்டைத் தட்டிக்கொடுத்து, “நல்லா இழுக்கும்மா!” என்றார். மேட்டில் திணறாமல் ஏறும், நாலு பேர் உட்கார்ந்தாலும் முனகாது என்று பொருள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பொருள்தான். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் மட்டுமே எழுதியிருந்த அந்தப் பழைய காரை அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கிவிட்டேன். மூன்றாவது வாரத்தில் அது இழுக்கத் தொடங்கியது. இடது பக்கமாக.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பம் எங்களுடையது. அப்பா தறியில் உட்காருவார். நான் கம்ப்யூட்டரில் சேலைகளுக்கு டிசைன் போடுகிறேன். சனிக்கிழமைகளில் அந்த டிசைன்களை எடுத்துக்கொண்டு சுற்றுக் கிராமங்களில் இருக்கும் நெசவாளர் வீடுகளுக்குப் போய் விளக்க வேண்டும். அதற்குத்தான் கார். வாங்கிய அன்றே கோவில் வாசலில் பூஜை போட்டோம். எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அம்மா மஞ்சள் தோய்த்த ஒரு கயிற்றைச் சக்கரத்தில் கட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் விடியற்காலையில் காருக்குச் சூடம் காட்டிக் குங்குமம் வைப்பாள். நான் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன். (தூக்கம் என்றால் சாதாரணத் தூக்கம் இல்லை. அம்மா அதை ‘பொணத் தூக்கம்’ என்பாள்.)

வண்டி இழுக்கிறது என்று சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் புரியவில்லை. மெக்கானிக்கிடம் போனேன்.

“அண்ணா, வண்டி இழுக்குதுண்ணா.”

“சந்தோஷம்மா! இழுக்கலன்னுதான் அல்லாரும் வராங்க.”

“ஐயோ, இடது பக்கம் இழுக்குதுண்ணா.”

அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அவர் ஓட்டிய அரைக் கிலோமீட்டரில் அது பரம சாதுவாக நேராகப் போனது. இறங்கி என் முகத்தைப் பார்த்து, “லேடீஸ் புதுசா ஓட்டினா கொஞ்ச நாளைக்கு அப்படித்தாம்மா தோணும்” என்றார். வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடுகளைக் காட்டி எல்லாம் கச்சிதம் என்றார்கள். புரோக்கருக்கு போன் செய்து, “நீங்க சொன்ன மாதிரியே இழுக்குதுண்ணா” என்று குத்தலாகச் சொன்னேன். “நான்தான் சொன்னேனேம்மா!” என்று மகிழ்ந்தார். பக்கத்து வீட்டு அக்கா, ‘இழுக்குது, இழுக்குது’ என்று நாங்கள் பேசுவதைச் சுவர் வழியாகக் கேட்டு, அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறதாக்கும் என்று ஒரு கட்டு தூதுவளை கொண்டுவந்து கொடுத்தார். அன்று எங்கள் வீட்டில் தூதுவளை ரசம்.

கடைசியில் அப்பா களத்தில் இறங்கினார். “தறியில துணி ஒரு பக்கம் இழுத்தா இன்னா பண்ணுவோம்? மறு பக்கம் கனத்த ஏத்துவோம்” என்றார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு மணல் மூட்டை ஏறியது. அதுவும் போதாமல், “வலது பக்கச் சக்கரத்துல கொஞ்சம் காத்த எறக்குமா” என்றார். எறக்கினேன். ஒரு வாரம் வண்டி ஓரளவு நேராகப் போனது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் இழுத்தது, முன்னைவிட அதிகமாக.

இந்த நிலைமையில்தான் முசரவாக்கத்தில் இருந்து ஒரு வரன் வந்தது.

அதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. ஜாதகம் பொருந்தும், போட்டோ பிடிக்கும், ‘பொண்ணு கார் ஓட்டுதாமே’ என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள், அதோடு சரி. எங்கள் மரகத அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “இந்த எடமும் போச்சுன்னா மொதல்ல அந்தக் கார வித்துடுறோம். அப்புறந்தான் அடுத்த ஜாதகம்.” அம்மா தலையாட்டினாள். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. எனக்கோ காரும் வேண்டும், இந்த இடமும் வேண்டும். ஏன் மறைக்க வேண்டும்? வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை நான் இரண்டு நாளில் நாற்பது தடவையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். ஸ்டூடியோக்காரர் அவருக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டு, முகத்தைத் தேங்காய்ப் பத்தை போல வெளுக்க வைத்திருந்தார். அதையும் மீறி அந்தச் சிரிப்பு தப்பி வந்திருந்தது.

முதலில் பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பயணத்தில் பெண் வரவே கூடாது. வந்தால் அதைவிட வெட்கக்கேடு கிடையாது. ஆனால் அது முகூர்த்த நாளாக அமைந்த ஞாயிற்றுக்கிழமை. பேசி வைத்திருந்த வேன் வரவில்லை. ஊரில் ஒரு வாடகை வண்டி இல்லை. எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஜீவன், வரவே கூடாத ஜீவன்.

அத்தைதான் வழி கண்டுபிடித்தார். “மூஞ்சில மாஸ்க்கு போட்டுக்கோ. தலையில துப்பட்டாவ சுத்திக்கோ. தெரு முனையிலயே வண்டிய நிறுத்திட்டு உள்ளயே குந்திக்கினு இரு. எவனாவது கேட்டா வாடகை வண்டி டிரைவர்னு சொல்லு.”

“அத்தை, யாராவது கண்டுபிடிச்சிட்டா?”

“நீ வாயத் தொறக்காத. எவனும் கண்டுபுடிக்க மாட்டான்.”

கிளம்பும்போது அப்பா எல்லோரையும் எடை பார்த்து உட்கார வைத்தார். அத்தை எனக்கு நேர் பின்னால், மணல் மூட்டைக்குத் துணையாக. (அத்தையை அங்கே உட்காரச் சொன்னதற்கு ‘அங்கதான் காத்து வரும்க்கா’ என்று காரணம் சொன்னார். உண்மையான காரணம் இன்றுவரை அத்தைக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.) நூல் போல இருக்கும் அப்பா என் இடது பக்கம். அவருக்குப் பின்னால் அம்மா, மடியில் பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு.

அன்றைக்கு வண்டி இழுத்த இழுப்பை எப்படிச் சொல்வது? முசரவாக்கம் வரைக்கும் நான் ஸ்டியரிங்கை ஓட்டவில்லை, கட்டிப் புரண்டேன். தெரு முனைக்கு வந்தபோது மூக்கைத் துளைக்கிற மாதிரி ஒரு தீய்ந்த வாடை வேறு. மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். ஒரு தறிக்கு வேண்டிய பட்டு நூல் முழுவதும் கொம்புகளின் மேல் தெருவின் இடது ஓரமாக நீளத்துக்குப் பளபளத்தது. நாங்கள் பதினோரு மணிக்குத்தான் வருவோம் என்று நினைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று அத்தை எங்களைப் பத்து மணிக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார். என் கார் அந்தப் பாவைப் பார்த்ததும் அதை நோக்கித் தாவியது. பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். பாவுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. வாயைத் திறந்துகொண்டே மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். நான் மெல்லப் பின்னால் எடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புங்க மர நிழலில் நிறுத்தினேன்.

உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. பத்து நிமிடம் உட்கார்ந்தேன். திரும்பிப் போகும்போதும் அந்தப் பாவைத் தாண்டித்தானே போக வேண்டும் என்ற நினைப்பு வந்தது. பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. டிக்கியைத் திறந்து ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்தேன். போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு, இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. முகத்தில் கருப்பு மட்டும் அப்பிக்கொண்டது.

தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது.

“இன்னாங்க, வண்டி படுத்துக்கிச்சா?”

எழுந்து பார்த்தேன். கட்டம் போட்ட லுங்கி, பனியன், தோளில் துண்டு, கையில் ஒரு பால் தூக்கு. நல்ல கருப்பு. விரல்களில் சாயக் கறை.

“படுக்கலண்ணா. இழுக்குது” என்றேன். ‘இழுத்தா நல்லதுதானேம்மா’ என்ற பதிலுக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த ஆள் தூக்கைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு, “எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

இரண்டரை மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வராத குறைதான்.

“இடது பக்கம்ணா.”

“பிரேக் புடிச்சா இழுக்குதா, சும்மா போம்போதே இழுக்குதா?”

“சும்மா போகும்போதே.”

“எடுத்ததுமே இழுக்குதா, கொஞ்ச தூரம் போன பொறவா?”

யோசித்தேன். “கொஞ்ச தூரம் போன பிறகுதான். அதான் மெக்கானிக் ஓட்டினப்ப ஒண்ணும் தெரியல.” அதை இத்தனை நாளும் நானே யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “அப்புறம்ணா, சனிக்கிழமையானா ஜாஸ்தியா இழுக்குது.”

“சனிக்கெழமையா?” என்று புருவத்தை உயர்த்தினார். “அது இன்னா கணக்குன்னு தெரில. பாப்போம்.” காரைச் சுற்றிப் போய் வலது சக்கரத்தைத் தொட்டார். இந்தப் பக்கம் வந்து இடது சக்கரத்தைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்து உதறினார். “அது வெதுவெதுன்னு இருக்குது. இது தோசைக்கல்லு. இந்தச் சக்கரத்த எதுவோ புடிச்சிக்கினு இருக்குதுங்க.”

“உங்களுக்குக் கார் வேலை தெரியுமாண்ணா?”

“காரப் பத்தி ஒண்ணியும் தெரியாது. தறி தெரியும். துணி ஒரு பக்கம் இழுத்தா, அந்தப் பக்கம் எது மாட்டிக்கினு இருக்குதுன்னு மொதல்ல பாக்கணும். அத வுட்டுட்டு மறு பக்கம் கனத்த ஏத்தினா துணிதான் பாழாப் போவும்.” சொல்லிக்கொண்டே பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். மணல் மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சக்கரம் ஆறட்டும் என்று நிழலில் நின்றோம். அப்போது அவர் சாதாரணமாகக் கேட்டார். “எங்க தெருவுக்கு வந்திருக்கிறாங்களே, பொண்ணு ஊட்டுக்காரங்க, அவங்க வண்டியா?”

“ஆமாண்ணா. வாடகைக்கு வந்தேன்.”

“பொண்ணப் பாத்திருக்கீங்களா? எப்படி?”

இந்த இடத்தில் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. இவர் தெருக்காரர், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் நாலு வார்த்தை சொல்வார், நல்லபடியாகச் சொல்லட்டுமே என்று கணக்குப் போட்டேன். “தங்கம்ணா!” என்று ஆரம்பித்தேன். “இருக்கிற இடமே தெரியாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது. விடிகாலை நாலு மணிக்கே எழுந்து கோலம் போட்டுடும். வத்தக்குழம்பு வச்சா தெருவே மணக்கும்.” (எனக்கு அன்றைக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுவும் சில சமயம் அடி பிடிக்கும்.)

“கார் ஓட்டுமாமே?”

மூன்று இடத்தைக் கெடுத்த கேள்வி. அவசரமாக அணை போட்டேன். “அது சும்மா தெரிஞ்சி வச்சிருக்குதுண்ணா. கல்யாணம் ஆனா தொடவே தொடாது.”

அவர் முகம் வாடிவிட்டது. “அப்படியா? அடடா. அந்தப் பையன் அதுக்குத்தான் ஆசப்பட்டான். பஸ்சுல பாவு எடுத்துக்கினு போய் வந்து நொந்து போயிருக்கறான்.”

“ஓட்டும்ணா!” என்று கத்தினேன். “நல்லா ஓட்டும்! ராத்திரி பகல்னு பார்க்காம ஓட்டும்!”

“இப்பத்தான் தொடாதுன்னீங்க?”

“அது... வேற ஒரு பொண்ணுண்ணா.”

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். நானும் விடவில்லை. “அந்தப் பையன் எப்படிண்ணா?” என்று கேட்டேன்.

“சுமாராத்தான் இருப்பான். அண்ணான்னு மட்டும் கூப்புடாதீங்க.”

“ஏன்ணா?”

அவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

வண்டியைத் தூக்கி நட்டுகளைக் கழற்றினோம். அவர் பிடித்தார், நான் திருகினேன். சக்கரம் வெளியே வந்ததும் அந்தத் தீய்ந்த வாடை குப்பென்று அடித்தது. மெக்கானிக் முகர்ந்திருந்தால் கிளட்ச் என்றிருப்பார், நானோ டயர் ரப்பர் என்று நினைத்திருந்தேன். இவர் மூக்கைக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். எங்கள் ஊரில் நூல் நிஜப் பட்டா என்று சந்தேகம் வந்தால் ஒரு இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். பட்டு எரிந்தால் தலைமுடி பொசுங்குகிற வாடை வரும்.

“இது ரப்பர் இல்லீங்க” என்றார். “பட்டு.”

“காருக்குள்ளே ஏதுண்ணா பட்டு?”

அவர் பிரேக் தட்டுக்குப் பின்னால் விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். வந்தது. கருகின மஞ்சள் கயிறு. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம், இரண்டு முழம், நான்கு முழம். நடுநடுவே முடிச்சு. நான் இந்தப் பக்கம் சுருட்டச் சுருட்ட அவர் அந்தப் பக்கம் உருவிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் தெருவில் இருந்து அத்தையின் குரல் கேட்டது.

“ஒரு மணி நேரமா குந்திக்கினு இருக்கறோம். மாப்பிள்ளையும் கண்ணுல படல, ஒரு வாய் காபியும் இல்ல. நம்மளப் புடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? வாப்பா தம்பி, போவலாம்!”

அத்தை முன்னால் வேகமாக வந்துகொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் பின்னால். அவர்களைச் சமாதானப்படுத்தியபடியே ஒரு அம்மாவும் ஒரு பெரியவரும். நாலாவது இடமும் போச்சு, கார் போச்சு, அந்தச் சிரிப்பும் போச்சு என்று கயிற்றை இன்னும் வேகமாகச் சுருட்டினேன். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“டேய் ஞானவேலு! பால் வாங்கியாடான்னா, டிரைவரம்மாகூட சேந்து சக்கரத்தக் கழட்டிக்கினு இருக்கிறியா? பொண்ணு ஊட்டுக்காரங்க கோவிச்சிக்கினு போறாங்கடா!”

ஞானவேல். போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்த பெயர். நான் கக்கத்தில் இடுக்கியிருந்த ஸ்பேனர் நழுவி அவருடைய காலில் விழுந்தது. நான் அவரை எத்தனை ‘அண்ணா’ போட்டேன் என்று எண்ணத் தொடங்கி, பத்தைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அவர் ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, மிச்சக் கயிற்றை அறுக்க இடுப்பில் இருந்து நூல் வெட்டும் கத்தியை எடுத்தார்.

“ஐயையோ, அத அறுக்காதீங்க மாப்பிள்ள!” என்று ஒரு அலறல். என் அம்மா. “அது அம்பாளுக்குக் கட்டினது!”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவுக்கு வேறு வழி இல்லை, சொல்லத்தான் வேண்டியிருந்தது. பூஜை அன்று கட்டிய கயிறு அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் காணோமாம். அம்பாளே ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று உடம்பு சிலிர்த்துப் போய் இன்னொன்று கட்டினாளாம். அதுவும் அடுத்த வாரத்துக்குள் காணோம். பிறகு வெள்ளிக்கிழமைதோறும். வண்டி இழுக்கிறது என்று நான் புலம்பத் தொடங்கியதும் பயந்துபோய் வாரம் இரண்டு கயிறாகக் கட்டினாளாம். எல்லாம் அப்பாவின் தறியில் மிஞ்சிய பாவு நூல். சக்கரத்தின் ஓட்டை வழியாக விட்டு முடிச்சுப் போட்டது, வண்டி ஓட ஓட உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டு பிரேக்கை இறுக்கியிருக்கிறது.

“அது ஏம்மா எடது சக்கரத்துல மட்டும் கட்டினே?” என்றார் அப்பா ஈன சுரத்தில்.

“எடப்பக்கந்தானே அம்பாள் பக்கம்?” என்றாள் அம்மா. காஞ்சிபுரத்தில் இதற்கு எதிர்வாதம் கிடையாது.

சனிக்கிழமைக் கணக்கு எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அதெல்லாம் சரி” என்றார் அவருடைய அம்மா. “கயித்தப் பத்தி டிரைவர்கிட்ட சொல்லாம கட்டினா எப்படிங்க? இந்தப் பொண்ணு யாரு, உங்க ஊரா?”

அத்தை வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். பொய் சொல்ல அவருக்கு வராது. “டிரைவர் இல்லீங்க. அதான் பொண்ணு.”

மாஸ்க் குப்புறப் படுத்தபோதே கழன்று கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கு, நெற்றி, கன்னம் எல்லாம் கருப்பு. துப்பட்டா அவிழ்ந்து ஜாக்கிக்கு அடியில் மாட்டியிருந்தது. இரண்டு கையிலும் கருகின கயிறு. பெண் பார்க்கும் நாளுக்கென்று அம்மா எடுத்துவைத்திருந்த மாம்பழக் கலர் சேலை பீரோவில் பத்திரமாக இருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்க வேண்டும் என்று அம்பாளை வேண்டிக்கொண்டேன். அம்பாள் கயிறுகளை மட்டும்தான் ஏற்றுக்கொள்வாள் போலிருக்கிறது.

அவர்தான் கயிற்றின் நுனியை நகத்தால் நீவிப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னார். “அசல் பட்டும்மா. ஆறு இழ முறுக்கு. வேற நூலா இருந்தா எப்பவோ பொசுங்கிப் போயிருக்கும். சூப்பரா முறுக்கியிருக்கீங்க.”

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த நிமிடத்தில் அம்மா அவரைத் தத்தெடுத்துக்கொண்டாள். அவருடைய அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடியும் அடங்கவில்லை. “பொண்ணு பாக்கறதுக்குன்னு இன்னொரு நாளு எதுக்குங்க? அதான் பாத்தாச்சே” என்றார். பெரியவர் சிரித்தார், அப்பா சிரித்தார். அத்தை மட்டும் காபி வராத கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பானெட்டின் மேல் வைத்த பால் அந்தச் சூட்டில் திரிந்திருந்தது. பிறகு அத்தைக்கென்று தனியாகக் கருப்பட்டிக் காபி வந்தது.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். “எனக்குச் சரி. உங்களுக்கும் சரிதானே?”

எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாய் மட்டும் ஒரு மணி நேரப் பழக்கத்தில் இருந்தது.

“சரிண்ணா” என்றேன்.

அத்தை தலையில் அடித்துக்கொண்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

திரும்பிப் போகும்போது அந்தப் பாவைத் தாண்டும் வேளையில் மறுபடியும் பிரேக்கின் மேல் ஏற வேண்டியிருந்தது. கயிறு போன வண்டி இப்போது வலது பக்கம் இழுத்தது. மணல் மூட்டை, அத்தை, இறக்கிய காற்று, மூன்றும் அங்கேயே இருந்தன. புரோக்கருக்கு அன்று மாலையே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “இப்ப எப்படிம்மா இருக்குது வண்டி?” என்றார். “நல்லா இழுக்குதுண்ணா” என்றேன். இந்த முறை நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொருளில்தான் பேசினோம்.

என் போட்டோவைப் பார்த்திருந்த ஞானவேல் என்னை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. “தெரியாத பொம்பளையா இருந்தா அக்கான்னுதானே கூப்பிட்டிருப்பேன்? ஒரு தடவையாவது கூப்பிட்டேனா?” என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். “சொல்லியிருந்தா சீட்டுக்கு அடியில போய் ஒளிஞ்சிக்கினு இருந்திருப்ப. சக்கரத்த யாரு கழட்டறது?” என்றார். நியாயம்தான்.

கல்யாணத்தில் மேளம் கொட்டி, அவர் மஞ்சள் கயிற்றை என் கழுத்தில் கட்டி மூன்றாம் முடிச்சு போட்ட நேரத்தில், மரகத அத்தை மண்டபமே கேட்கும்படி சொன்னார். “மாப்பிள்ள, அதையாவது உருவாம வுடுங்க!” கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் குலுங்குவதை, பக்தியில் அழுகிறோம் என்று நினைத்து வீடியோக்காரர் ஸ்லோ மோஷனில் போட்டிருக்கிறார்.

வண்டி இப்போது பாவு ஏற்றிக்கொண்டு நேராகப் போகிறது. அம்மா கயிற்றைக் கண்ணாடியில் கட்டுகிறாள், இடது பக்கக் கண்ணாடியில்தான். வத்தக்குழம்பைப் பற்றி நான் அன்று சொன்னதை மாமியார் இன்னும் மறக்கவில்லை. விருந்தாளி வரும்போதெல்லாம், “தெருவே மணக்குமாமே, வைம்மா” என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

எங்களுக்குள் மனக்கசப்பு வராமல் இல்லை. வரும். நான் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பேசாமல் இருப்பேன். அவர் மட்டும் ‘கோவமா?’ என்று கேட்டதே இல்லை. தறியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார்.

“எந்தப் பக்கம் இழுக்குது?” என்பார். “நான் பிரேக் போட்டதாலயா, சும்மா போம்போதேவா?”

அதற்கு மேல் எனக்கு முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள முடிந்ததில்லை. “நீங்க பிரேக் போட்டதாலதாண்ணா” என்பேன். ‘அண்ணா’ என்றதும் அவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்.